இருபத்திரண்டு அடிக்குள் இரண்டு பேர்

2007 யூன் 2, சனி

மாக்கிரட் நேற்றோடு வேலையை விட்டாள். ஆஸ்பத்திரியில் கேக் வெட்டி, பெரிய வாழ்த்து அட்டை ஒன்றும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மேசையில் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். நாற்பது கையெழுத்தாவது இருக்கும். எல்லாம் பிரெஞ்சு. எனக்குப் பொன்ஜூர், மெர்சியோடு பிரெஞ்சு முடிந்தது. ஆனாலும் பெயர்களை வாசிக்கலாம்தானே. ஓர் இடத்திலும் மாக்கிரட் என்று இல்லை. எல்லாரும் மார்கோ என்றே எழுதியிருந்தார்கள்.

"ஆரின்ரையோ அட்டை மாறி வந்திட்டுது போல" என்றேன்.

"இல்லை. என்ரதான்."

"மார்கோ ஆர்?"

"நான்தான். அங்க என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவை."

"எப்ப இருந்து?"

கொஞ்சம் யோசித்தாள். "தொண்ணூறு... தொண்ணூற்றொண்டு."

பதினாறு வருசம். சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். மறைத்த மாதிரியும் இல்லை, சொன்ன மாதிரியும் இல்லை. கலியாணப் பதிவில், கடவுச்சீட்டில், பூசைப் புத்தகத்தில் எல்லாம் மாக்கிரட்தான். இந்த மார்கோ எங்கே இருந்தாள்?

யூன் 3, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் அவளை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிநேகிதன் ஞானேந்திரனின் வீட்டு முற்றத்தில்தான் அது நிற்கிறது. மோட்டர்ஹோம். இருபத்திரண்டு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, மேசை, கழிப்பறை எல்லாம் இருக்கிறது. டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு விமானம் துப்புரவாக்கின ஜில் கிழவனிடம் ஏப்ரலில் வாங்கி, அவளுக்குச் சொல்லாமல் ஞானேந்திரனிடம் விட்டு வைத்திருந்தேன். இந்தக் கோடையில் இதிலேயே ஹலிஃபக்ஸுக்குப் போய் மகள் செலீனைப் பார்ப்பது என்று திட்டம்.

ஞானேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "அண்ணை ராசா மாதிரி வாங்கிப்போட்டார், அக்கா!" என்றான்.

அவள் உள்ளே ஏறிப் பார்த்தாள். அடுப்பைத் தொட்டாள். கட்டிலில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்:

"இதுக்குள்ள ரெண்டு பேருமா?"

"பின்னை? நாலு பேர் படுக்கலாம்."

"நான் ரெண்டு பேரைத்தான் கேட்டனான்."

விளங்கவில்லை. சந்தோசமா, பயமா? வரும் வழியில் கேட்டேன். "நல்லாத்தானே இருக்கு" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

யூன் 11, திங்கள்

குசினி அலுமாரியில் மிளகாய்த்தூள், சீனிப் பேணிகளை உயரப்படி அடுக்கி வைத்திருந்தேன். இன்று பார்த்தால் எல்லாம் பழையபடி. ஒரு சொல்லும் சொல்லவில்லை, மாற்றி வைத்திருக்கிறாள்.

யூன் 20, புதன்

இன்றைக்கு யோசித்துப் பார்த்தேன், நானும் அவளும் எத்தனை நாள் ஒன்றாக இருந்திருப்போம் என்று.

1988 இல் அவளும் பிள்ளையும் வந்து இறங்கினதிலிருந்து போன டிசெம்பரில் நான் ஓய்வு பெறும்வரை டோர்வலில் எனக்குப் பின்னேர வேலை. இரண்டு மணிக்கு வெளிக்கிடுவேன். அவள் விடிய ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணிக்கு வருவாள். நான் போன பிறகு அவள் வருவாள். நான் வரும்போது அவள் நித்திரை. அவள் போகும்போது நான் நித்திரை. எனக்கு லீவு செவ்வாயும் புதனும், அந்தப் பின்னேரங்களையும் ஓவர்ரைம் தின்றுவிடும். அவளுக்குச் சனியும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மட்டும் ஒன்றரை மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். அதுவும் கதைக்கக் கூடாத இடம்.

குறை சொல்ல எழுதவில்லை. இந்த மொன்றியலில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் வீட்டை ஓட்டினார்கள். பிள்ளையைப் படிப்பித்தோம். ஊருக்கு அனுப்பினோம். ஆனால் இனி நேரம் இருக்கிறது. அதுக்காகத்தான் அந்த வாகனத்தை வாங்கினேன். அதை அவளுக்குச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

பயணத்தைப் பற்றிக் கேட்டதற்கு இன்று சொன்ன பதில்: "போறதுக்குச் சம்மதம். வாறதைப் பேந்து பாப்பம்."

திரும்பி வருவதைப் பிறகு பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்?

யூலை 3, செவ்வாய்

புறப்பட்டோம். இந்த ஊர் வழக்கப்படி முதலாம் திகதி வீடு மாறினவர்களின் உடைந்த சோபாக்களும் மெத்தைகளும் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் தெருவெங்கும் இன்னும் கிடக்கின்றன. பெட்டிகளோடு பஸ் எடுத்து, மெற்றோ எடுத்து, திரும்ப பஸ் எடுத்து ஞானேந்திரன் வீட்டுக்குப் போய்ச் சேரவே பத்து மணி. அவன் மனைவி எலுமிச்சம்பழங்கள் தந்து, சில்லுக்குக் கீழே வைத்து நசித்துப்போட்டுப் போகச் சொன்னா. அவ இந்து. மாக்கிரட் சிலுவை அடையாளம் போட்டாள். நான் எலுமிச்சம்பழத்தின் மேலாலும் ஓடினேன். இரண்டும் இருக்கட்டும்.

இருபதாம் இலக்க நெடுஞ்சாலை. நேர் ரோட்டு. அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க நல்ல ஆசை எனக்கு. ஓரிடத்தில் நிற்பாட்டி அடுப்பு மூட்டி ஊற்றினேன், இரண்டு கரண்டி சீனி போட்டு. ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

"என்ன, சரியில்லையா?"

"நான் சீனி போடுறேல்லை."

"எப்ப இருந்து?"

"எட்டு, ஒம்பது வருசம் இருக்கும்."

இந்த 'எப்ப இருந்து' என்ற கேள்வியை இனிக் கேட்பதா, விடுவதா?

யூலை 4, புதன்

றிவியேர்-டு-லூவுக்குக் கிட்ட ஆற்றங்கரை முகாம். ஆறு என்றுதான் சொல்கிறார்கள், உப்பு மணக்கிறது. கடல் மாதிரி வத்திப் பெருகுகிறது. அதுவும் எனக்கு விளங்காத ஒன்றுதான்.

பக்கத்து வாகனத்தில் கியூபெக் கிழவனும் கிழவியும். பின்னேரம் நான் தண்ணிக் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கட மாக்கிரட், அவர்களின் மடக்குக் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறாள். அந்த வேகமான பிரெஞ்சு. கிழவன் தொடையில் தட்டிச் சிரிக்கிறான். அவள் யாரோ டொக்டரைப் போல நடித்துக் காட்டுகிறாள். என் மனுசி நடிப்பாளா? எழும்பிக் கண்ணாடியைக் கீழே இறக்கி, வயிற்றைத் தள்ளி...

கிட்டப் போனேன். கிழவி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். மாக்கிரட் பதில் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதுக்கென்று தெரியாமல்.

அவளுடைய விரல்களுக்கு இடையில் சிகரெட்.

முதலில் அது கிழவியின் சிகரெட், பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு வாயில் வைத்தாள். ஒளிக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே இழுத்தாள்.

வாகனத்துக்குள் வந்ததும் கேட்டேன், கேட்கக் கூடாது என்று நினைத்த அதே கேள்வியை.

"தொண்ணூற்றி மூண்டில இருந்து. ஒரு நாளைக்கு ஒண்டு. பின்னேரம் நாலு மணிக்கு. கூட இல்லை, குறைய இல்லை."

"செலீனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சுவாமிக்கு?"

"பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான். அவர் அது பாவமில்லை, உடம்புக்குக் கூடாது எண்டார்."

மகளுக்குத் தெரியும், சுவாமிக்குத் தெரியும்.

யூலை 5, வியாழன்

நியூ பிறன்ஸ்விக். இரண்டு பக்கமும் உருளைக்கிழங்குத் தோட்டங்கள், பூப் பூத்து. நானூறு கிலோமீற்றர். நாங்கள் கதைத்தது பத்து வசனம் இருக்கும். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். உண்மையாகவே இல்லை. அவள் கோபமாக இருந்தால் நல்லது போல இருக்கிறது எனக்கு. கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும்.

யூலை 7, சனி

ஹலிஃபக்ஸ். செலீன் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். மருமகன் ஜோன்சன் வாகனத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பேத்தி எலிசாவுக்கு மூன்று வயது. அம்மம்மாவின் மடியை விட்டு இறங்குகிறாள் இல்லை. என்னைப் பார்த்துப் பிளேன் தாத்தா என்கிறாள். டோர்வலில் இருந்து பிளேன் பொம்மைகள் அனுப்பினேன், அதனால்.

எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது இன்றைக்கு. நல்ல நண்டுக் கறி.

யூலை 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலமை பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுவோம், ரயர்களுக்குக் காற்றுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"நீங்கள் போங்கோ" என்றாள். "நான் இஞ்ச நிக்கப்போறன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது."

செலீன் குசினிக் கதவடியில் நின்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, "அப்பா, நானும் ஜோன்சனும் வேலைக்குப் போறம், எலிசாவைப் பாக்கிறதுக்கு அம்மா நிண்டால்..." என்று தொடங்கினாள்.

"பிள்ளையைச் சாட்டாதை, செலீன்" என்றாள் மாக்கிரட். குரல் உயரவில்லை. "பிள்ளைக்காண்டி இல்லை. நான் நிக்கப்போறன், அவ்வளவுதான்."

"நான் என்ன செய்தனான்? சொல்லும்" என்றேன்.

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

"பின்னை?"

"அதுதானப்பா எனக்கும் சொல்லத் தெரியேல்லை. குடிச்சனீங்களா, கை நீட்டினனீங்களா, ஒண்டுமில்லை. ஆரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் எண்டுதான் சொல்லுவினம். நானும் அதைத்தான் சொல்லுவன். ஆனா மார்கழியில இருந்து எனக்கு மூச்சு முட்டுது. வீட்டிலயும் முட்டினது. அந்த வாகனத்துக்குள்ள இன்னும் முட்டினது."

கையில் இருந்த ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். என்னுடைய சட்டை. கிளிப்புக்குக் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

யூலை 17, செவ்வாய்

மூச்சு முட்டுகிறது என்றது வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோயாக இருக்குமோ? செலீனிடம் கேட்டேன். "அப்பா!" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

யூலை 22, ஞாயிறு

தனியாக வெளிக்கிட்டேன். மாக்கிரட் சோற்றுப் பார்சல் கட்டித் தந்தாள். ஜோன்சன் தன்னுடைய பழைய செல்போனை வலுக்கட்டாயமாகத் தந்தான். கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் நின்று கை காட்டினாள், நல்ல வடிவாகத்தான் காட்டினாள். அழவில்லை. நான் ட்ரூரோ நகரம் தாண்டும் வரைக்கும் சரியாகத்தான் இருந்தேன்.

யூலை 23, திங்கள்

கியூபெக் எல்லையைத் தாண்டி அரை மணித்தியாலத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு ஸ்டியரிங் கல்லானது. ஓரமாக ஒதுக்கினேன். காடு, ஏரி, லொறிகள். ஒருவன் இழுவை லொறியில் வந்து ஒரு சின்னக் கிராமத்துக் கராஜுக்குக் கொண்டுபோனான். மெக்கானிக்குக்கு இங்கிலிஸ் ஒரு சொல்லும் வராது. நான் கையால் காட்டினேன். அவன் கையால் காட்டினான். இரண்டு ஊமைகள்.

ஹலிஃபக்ஸுக்குப் போன் அடித்தேன். மாக்கிரட்தான் எடுத்தாள். "போனை அந்தாளிட்டக் குடுங்கோ" என்றாள், அவ்வளவுதான்.

மெக்கானிக் முதலில் முகத்தை நீட்டிக்கொண்டு கதைத்தான். பிறகு "ஆ, மார்கோ!" என்றான். பிறகு சிரித்தான். எண்ணெய்க் கையோடு பத்து நிமிசம் நடந்து நடந்து கதைத்தான். என் வாகனத்தைப் பற்றி இவ்வளவு கதைக்க என்ன இருக்கிறது? போன் திரும்பி வந்தது.

"அல்டெனேட்டர் பழுதாப் போட்டுதாம். நாளைக்கு மத்தியானம் சரிவரும். வாகனத்துக்குள்ளேயே படுக்கலாமாம். அவரின்ர மனுசி சூப் கொண்டுவந்து தருவா. மரக்கறி சூப். உங்களுக்குப் பிடிக்காது எண்டு நான் சொல்லேல்லை. குடியுங்கோ."

எனக்கு மரக்கறி சூப் பிடிக்காது என்று நானே மறந்துபோயிருந்தேன்.

யூலை 24, செவ்வாய்

காலமை அவளே போன் எடுத்தாள். "சூப் எப்பிடி?"

"உப்புக் காணாது."

சிரித்தாள். போனில் அவள் சிரிப்பதை இதுக்கு முதல் கேட்டதாக நினைவில்லை. நிற்கிறேன் என்றவள் ஏன் சிரிக்கிறாள்? சிரிக்கிறவள் ஏன் நிற்கிறாள்?

யூலை 25, புதன்

மொன்றியல். வாகனத்தை டொலார்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி. யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

றிகோ மாதா மலைக்கு எங்கள் ஆட்களின் பஸ்ஸில் போனேன். புல்தரையில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள், "மாக்கிரட் அக்கா எங்க?" என்று. பேத்தியைப் பார்க்க நிற்கிறா என்றேன். அவள் சொல்லாதே என்ற பொய்யை நான் பத்துத் தரம் சொன்னேன், அதுவும் மாதாவுக்கு முன்னால்.

ஞானேந்திரன் இந்துவென்றாலும் மாதாவுக்கு ஒவ்வொரு வருசமும் மெழுகுதிரி கொளுத்த வருவான். அவனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் நல்லா இடம் குடுத்திட்டீங்கள்" என்றான். "ஒரு அதட்டல் போட்டு, வெளிக்கிட்டு வா எண்டு சொல்லுங்கோ. வருவா."

வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தேன். அதட்டுவதற்கு என்ன சொல்ல வேண்டும்? முப்பத்துமூன்று வருசத்தில் பழகவில்லையே. செலீன்தான் எடுத்தாள். எலிசாவுக்குத் தடிமனா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

செப்டெம்பர் 13, வியாழன்

மார்கோவைக் கேட்டு ஒரு மனுசி போன் எடுத்தாள். றோசாவாம். ஒன்றாக வேலை செய்தவள், போர்த்துக்கல் நாட்டுக்காரி. எனக்குத் தெரிந்த அளவு இங்கிலிஸ் அவளுக்கும் தெரியும். மாக்கிரட் ஹலிஃபக்ஸில் என்றேன். "உங்களைச் சந்திக்கலாமா?" என்று நானே கேட்டேன். ஏன் கேட்டேனோ.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு எதிரே கோப்பிக் கடையில் சந்தித்தோம். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் அடையாள அட்டை, கட்டையான மனுசி. நான் எல்லாவற்றையும் சொன்னேன், முன்பின் தெரியாத ஒருத்திக்கு. அவள் ஆச்சரியப்படவில்லை.

போன டிசெம்பரில் நான் ஓய்வு பெற்ற அன்று, மாக்கிரட் வேலை முடிந்த பிறகும் உடுப்பு மாற்றும் அறையில் குளிர்க்கோட்டைப் போட்டபடி அரை மணித்தியாலம் இருந்தாளாம். வீட்டுக்குப் போகவில்லையாம். என்ன என்று கேட்டதற்கு, "இனி வீட்டில் ஆள் இருக்கும்" என்றாளாம். சொல்லிவிட்டு அழுதாளாம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஆள் இருந்தால் ஏன் அழ வேண்டும்?" என்று கேட்டேன்.

றோசா சொன்னாள். நாலு மணிக்கு மார்கோ வீட்டுக்குப் போவாள். சப்பாத்தைக் கழற்றுவாள். பல்கனியில் ஒரு சிகரெட். பிறகு யன்னலோரக் கதிரையில் இருந்து சீனி போடாத தேத்தண்ணி குடித்துக்கொண்டு பிரெஞ்சு நாடகம் பார்ப்பாள். அடுத்த நாள் அந்தக் கதையை வார்ட் முழுக்கச் சொல்லுவாள், நடித்துக் காட்டுவாள். நோயாளிகளும் கேட்பார்கள். நாள் முழுக்க மற்றவர்களின் உடம்பைத் தூக்குகிற வேலை. அந்த நேரம் ஒன்றுதான் அவளுடையது.

யன்னலோரக் கதிரை. சனவரியில் இருந்து அதில் நான்தான் இருக்கிறேன். தமிழ் ரீவியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு. அவள் நாலு மணிக்கு வந்தால் "தேத்தண்ணி போடுமன்" என்று சொல்லிக்கொண்டு.

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை?" என்றேன்.

றோசா தோளைக் குலுக்கினாள். "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். வார்ட்டுக்கே தெரியும்."

செப்டெம்பர் 14, வெள்ளி

நான் வீட்ட வந்ததுக்கு அழுதிருக்கிறாள். வீட்ட வந்ததுக்கு! பதினெட்டு வருசம் மற்றவன் சாப்பிட்ட மிச்சத்தையும் சத்தி வாந்தி எடுத்த பையையும் பொறுக்கினன், ஆருக்காண்டி? ஒரு நாளைக்கு வீட்ட போய் இருக்கலாம் எண்டுதானே? அந்த நாள் வந்தோடன அவள் அழுகிறாள். இது என்ன நீதி? — அவளும் பதினெட்டு வருசம் தூக்கினவள்தானே. அவள் ஆருக்காண்டி? — ஒண்டும் விளங்கேல்லை. கோவிக்கவும் தெரியேல்லை. அவளில கோவிக்கிறதா, கதிரையில கோவிக்கிறதா?

செப்டெம்பர் 23, ஞாயிறு

பூசையால் வந்து போன் எடுத்தேன். எழுதி வைத்து வாசித்தேன், இல்லாவிட்டால் தடுமாறுவேன்.

"நாலு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் நான் இனி வீட்ட இருக்கமாட்டன். நீர் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"எங்க போவீங்கள்?"

"தெரியாது. எங்கயாவது."

"உறைபனிக்குள்ளயுமா?"

"கோட் இருக்குத்தானே."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"றோசா."

"எனக்கு அழுகை வருதோ கோவம் வருதோ தெரியேல்லை. பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

ஒக்டோபர் 2, செவ்வாய்

ஒன்பது நாள். எடுக்கவில்லை.

ஒக்டோபர் 9, செவ்வாய்

எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை. "இப்ப நாலு மணிக்கு எங்க போறீங்கள்?"

சொன்னேன். முதல் கிழமை மெற்றோவில் சும்மா போய் வந்தேன். பிறகு நூல்நிலையத்தில் இருந்தேன், அங்கே சூடாக இருக்கும். போன கிழமையில் இருந்து, நாங்கள் பூசைக்குப் போகிற கோயிலின் வான் வண்டியை ஓட்டுகிறேன். தனியே இருக்கிற வயதான ஆட்களை மண்டபத்துக்கு ஏற்றி இறக்கி, அவர்கள் சாப்பிட்ட பிறகு கொண்டுபோய் விடுகிற வேலை. சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு.

"நான் இல்லைத்தானே வீட்டில. ஆரும் இல்லாத வீட்டை விட்டே வெளிக்கிட்டுப் போறீங்கள்?"

"பழக வேணுமே."

அந்தப் பக்கத்தில் ஏதோ சத்தம். சிரித்தாளா வேறேதுமா, இவ்வளவு தூரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒக்டோபர் 20, சனி

ஞானேந்திரனுக்கு நகரசபைக் கடிதம். குளிர்காலத்தில் மோட்டர்ஹோம் வீட்டு முற்றத்தில் நிற்கக் கூடாதாம். அவளுக்கு போன் எடுத்தேன். "வித்திடட்டா?"

"அதை ஏன் என்னைக் கேக்கிறீங்கள்?"

"வாங்கேக்க உம்மைக் கேக்கேல்லைத்தானே."

"...இப்ப விக்காதேங்கோ" என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நானும் ஞானேந்திரனும் அதை ஒரு பண்ணைக்காரனின் கொட்டிலில் கொண்டுபோய் விட்டோம்.

நவம்பர் 10, சனி

மத்திய ஸ்டேசன். ஹலிஃபக்ஸ் ரயில் முக்கால் மணித்தியாலம் பிந்தியது. நகரும் படியில் ஏறி வந்தாள், ஒரு பெட்டியோடு. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். முதலில் அடையாளம் தெரியவில்லை, நிசமாகவே. வடிவாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து, "கழுத்துக் குளிருமே" என்று சொன்னேன்.

"குளிருதுதான்" என்றாள்.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்கவில்லை. அவளாகவே மெற்றோவில் சொன்னாள்: "பாப்பம் எண்டுதான் வந்தனான். வேற ஒண்டும் இப்ப என்னைக் கேக்காதேங்கோ."

நாலு மணிக்கு நான் வெளிக்கிட்டேன். சனிக்கிழமையில் வான் ஓட்டம் இல்லை. நூல்நிலையமும் ஐந்து மணிக்குப் பூட்டு. மிச்ச நேரம் ஒறத்தோரிக் கோயில் மலைப் படிகளுக்குக் கீழே பஸ் தரிப்பில் இருந்தேன். நாலு பஸ் போனது. எட்டு மணிக்கு வந்தபோது வீட்டில் லேசான சிகரெட் மணம். சோறு வைத்திருந்தாள்.

நவம்பர் 19, திங்கள்

ஒன்பது நாள். அவள் தன் பாட்டில், நான் என் பாட்டில். மரியாதையாக இருக்கிறோம், லொட்ஜில் அறை எடுத்த ஆட்கள் மாதிரி. இது நல்லதா கெட்டதா? நான் ஓட்டுகிற வானில் வருகிற புஷ்பவதி மாமியிடம், யாரோ ஒருவரின் கதையென்று சொல்லிக் கேட்டேன். "அந்த ரெண்டு பேரும் இன்னும் ஒருத்தருக்கு ஒருத்தர் விருந்தாளி" என்றா. எண்பத்தொரு வயது. "யாரோ ஒருவர்" என்றதை நம்பவில்லை என்றும் சொன்னா.

நவம்பர் 29, வியாழன்

இன்று சண்டை.

பின்னேரம் மூன்றரைக்கு அவள் குசினி யன்னலைத் திறந்தாள். இந்தக் கட்டடத்தில் சூடாக்கிக்குக் கணக்கு வழக்கில்லை, உள்ளே வெந்துபோகும். ஆனால் வெளியே சைபருக்குக் கீழே பத்து. நான் பூட்டினேன். அவள் திறந்தாள். நான் பூட்டினேன்.

"அந்த யன்னலில கை வைச்சீங்களோ!" என்றாள்.

"தடிமன் பிடிச்சால் ஆர் பாக்கிறது?"

"எனக்குத் தடிமன் பிடிச்சால் இவ்வளவு நாளும் ஆர் பாத்தது?"

அங்கே தொடங்கியது. யன்னலில் இருந்து பேணிகளுக்குப் போனது. பேணிகளில் இருந்து கதிரைக்கு, கேட்காமல் வாங்கின வாகனத்துக்கு. நானும் விடவில்லை. "பதினாறு வருசம் வேற பேரோட இருந்தனீர், எனக்கு ஒரு சொல்லு சொன்னனீரா?" என்று கத்தினேன். கத்தினேன் என்றே எழுதுகிறேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. மேல்மாடிக்காரன் தரையில் தட்டினான். அவள் மேலே பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ திருப்பிக் கத்தினாள்.

பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "தொண்ணூற்றஞ்சில என்ர அம்மான்ர முப்பத்தோராம் நாள் பூசை. நீங்கள் வரேல்லை. ஓவர்ரைம். குளிர்பெட்டியில கடுதாசித் துண்டு ஒட்டிப்போட்டுப் போனீங்கள். 'மெழுகுதிரி கொளுத்தவும்' எண்டு. கொளுத்தவும்! ஆருக்கு எழுதுறீங்கள்? கந்தோர் மனேச்சருக்கா?"

எனக்கு அந்தத் துண்டு நினைவில் இருக்கிறது. பச்சை மை. நல்ல விசயம் எழுதினேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"அண்டைக்கு மூண்டு பேர் வேலைக்கு வரேல்லை, வேலையை விட்டிட்டு வர விடமாட்டன் எண்டான் சுப்பர்வைசர்" என்றேன். "அழுதுகொண்டுதான் பிளேன் கூட்டினன். எனக்கு உம்மடை அம்மாவைப் பிடிக்கும்."

"அதை ஏன் துண்டில எழுதேல்லை?"

அவளும் அழுதாள். நானும். இரண்டு பேரும் எதிரெதிராக இருந்தோம். யன்னல் பாதி திறந்து கிடந்தது, யார் அப்படி விட்டது என்று தெரியவில்லை. எனக்குக் குளிரியது. அவளுக்கு வேர்த்திருந்தது.

கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் நாங்கள் ஒரு சண்டையையும் முடித்ததில்லை. தொடங்கினால் ஒருவருக்கு வேலைக்கு நேரமாகிவிடும். போட்டது போட்டபடி போய்விடுவோம்.

கோயிலில் இருந்து போன் வந்தபோதுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்தேமுக்கால். நாலு மணிக்கு நான் வெளிக்கிட்டிருக்க வேண்டும். வானுக்கு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிறகு வேறொருவர் ஓட்டியிருக்கிறார். நான் மறந்துபோனேன். அவளும் எனக்கு நினைவுபடுத்தவில்லை.